ஆசியாதான் முக்கியம் என்று 2011-லிருந்து சொல்லும் அமெரிக்கா, ஏன் இன்னும் மத்திய கிழக்கை விட்டு நகர முடியவில்லை?

எங்கேயும் எதையும் விடாமலேயே முன்னுரிமையை மாற்றப் பார்த்தார்கள், அதனால்தான் என்பது என் கருத்து. நான் இந்தத் துறை ஆள் இல்லை. எந்தக் கடற்படைக் கப்பல் எங்கே போகிறது என்ற செய்திகளை விடாமல் படிக்கிற பழக்கம் உண்டு, அவ்வளவுதான். கொள்கை அறிக்கைகள் சொல்லாததை அந்தச் செய்திகள் சொல்லிவிடும்.

2011 நவம்பரில் ஒபாமா ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தில் பேசியபோது ஆசிய-பசிபிக்குக்குத்தான் இனி முதலிடம் என்றார். அடுத்த மாதமே இராக்கிலிருந்து கடைசிப் படைகள் வெளியேறின. அங்கே மிச்சமாவதை இங்கே போடலாம் என்பது கணக்கு. 2012-ல் பாதுகாப்பு அமைச்சர் லியோன் பனெட்டா சிங்கப்பூரில் ஒரு அறிவிப்பு செய்தார்: அதுவரை இரண்டு பெருங்கடல்களுக்கும் பாதிப் பாதியாக இருந்த கடற்படையில், 2020-க்குள் 60 சதவீதம் பசிபிக் பக்கம் வந்துவிடும்.

வேடிக்கை இந்த 60 சதவீதத்தில்தான் இருக்கிறது. சான் டியாகோ போன்ற மேற்குக் கரைத் துறைமுகத்தைச் சேர்ந்த கப்பல், வளைகுடாவில் மாதக்கணக்கில் நின்றாலும் பசிபிக் கணக்கிலேயே வரும். 2024 ஆகஸ்டில் ஆபிரகாம் லிங்கன் விமானந்தாங்கி அப்படித்தான் மத்திய கிழக்குக்குப் போனது. 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் மோதத் தொடங்கியதும், தென்சீனக் கடலில் இருந்த நிமிட்ஸ் விமானந்தாங்கி, வியட்நாமின் டா நாங் துறைமுகத்துக்குப் போகவிருந்ததை ரத்து செய்துவிட்டு மேற்கே திரும்பியது. எல்லாவற்றையும்விட 2021-ல் நடந்ததுதான் எனக்கு மறக்கவில்லை. ஜப்பானின் யோகோசுகாவையே தளமாகக் கொண்டிருந்த ரொனால்ட் ரீகன் விமானந்தாங்கியை, ஆப்கானிஸ்தானிலிருந்து வெளியேறும் படைகளுக்குப் பாதுகாப்பாக அரபிக்கடலுக்கு அனுப்பினார்கள். சீனாவைக் கவனிக்க வேண்டும், அதற்காக இந்தப் போரை முடிக்கிறோம் என்றவர்கள், அதை முடிப்பதற்கே சீனாவுக்கு முன்னால் நின்ற கப்பலை எடுக்க வேண்டி வந்தது.

மொத்தம் இருப்பது 11 விமானந்தாங்கிகள். ஒன்று பணியில் இருந்தால் இன்னொன்று பழுதுபார்ப்பிலும் மற்றொன்று பயிற்சியிலும் இருக்கும் என்பது பொதுக் கணக்கு. அப்படியென்றால் ஒரே நேரத்தில் கையில் கிடைப்பது மூன்றோ நான்கோ.

சரி, எப்போதும் மத்திய கிழக்கே ஏன் ஜெயிக்கிறது? அமெரிக்க ராணுவம் உலகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஹவாயில் இந்தோ-பசிபிக் கட்டளையகம், புளோரிடாவின் டாம்பாவில் மத்தியக் கட்டளையகம், ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் ஐரோப்பியக் கட்டளையகம். (நம் வாகா எல்லைகூட இதில் ஒரு பிரிவுக்கோடு. இந்தியா ஹவாய்க்காரர் பொறுப்பு, பாகிஸ்தான் டாம்பாக்காரர் பொறுப்பு.) ஒவ்வொரு தளபதியும் தன் பகுதிக்குக் கப்பலும் ஏவுகணையும் கேட்பார். டாம்பாவிலிருந்து கோரிக்கை வரும்போது அன்று காலையில்தான் எங்கேயோ ஏவுகணை விழுந்திருக்கும். ஹவாயிலிருந்து வரும்போது தைவானில் ஒன்றும் நடந்திருக்காது; நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் அவர் கேட்கிறார். எந்த அதிபராக இருந்தாலும் முதல் ஆளுக்குத்தான் கொடுப்பார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

விஷயம் கப்பலோடு நிற்கவில்லை. ஆசியாவுக்கான திட்டத்தின் பொருளாதாரப் பாதி, 12 நாடுகளின் பசிபிக் வர்த்தக ஒப்பந்தம். 2017 ஜனவரியில், பதவியேற்ற சில நாட்களிலேயே டிரம்ப் அதிலிருந்து விலகினார். அதில் மத்திய கிழக்குக்குப் பங்கே இல்லை, முழுக்க உள்ளூர் அரசியல்.

இன்னொரு பக்கமும் உண்டு. ஹோர்முஸ் நீரிணை வழியாகப் போகும் எண்ணெயில் பெரும்பகுதி ஆசியாவுக்குத்தான் போகிறது. ஜப்பானும் தென்கொரியாவும் அதை நம்பித்தான் இருக்கின்றன. ஆகவே வளைகுடாவைக் காப்பது ஆசியாவைக் காப்பதும்தான் என்று வாதிடலாம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டால் எந்தப் பகுதியையும் என்றைக்கும் குறைக்க முடியாது.

உண்மையிலேயே குறைத்துக் காட்டியது நூறு வருடத்துக்கு முந்தைய பிரிட்டன். ஜெர்மனியின் கடற்படை வளர்வதைப் பார்த்ததும், 1902-ல் ஜப்பானோடு கூட்டணி வைத்தது. மத்திய அமெரிக்கக் கால்வாயை அமெரிக்காவே தனியாகக் கட்டிக்கொள்ளட்டும் என்று அதற்கு முந்தைய ஆண்டே ஒப்புக்கொண்டிருந்தது. 1904-ல் பிரான்சோடும் 1907-ல் ரஷ்யாவோடும் பழைய தகராறுகளைத் தீர்த்துக்கொண்டது. கடற்படைத் தலைவர் ஃபிஷர், சீனக் கடற்பகுதியில் நின்ற பெரிய போர்க்கப்பல்களை 1905-ல் ஊருக்குத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார். இது இலவசமாக நடக்கவில்லை. கிழக்கைப் பார்த்துக்கொள்ள அன்று துணைக்குச் சேர்த்த ஜப்பானிடமே 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரைப் பறிகொடுத்தது.

அமெரிக்காவுக்கு இன்று அப்படி ஒப்படைக்க ஐரோப்பாவில் ஆள் இருக்கிறது. மத்திய கிழக்கில் இஸ்ரேலிடமோ சவுதியிடமோ விட்டால், அவர்கள் தொடங்கும் சண்டைக்கே திரும்பி வர வேண்டியிருக்கும். இதற்கிடையில் கப்பல் கேட்கும் வரிசையில் இன்னொரு பகுதியும் சேர்ந்துவிட்டது. 2025 அக்டோபரில் மத்தியதரைக் கடலில் இருந்த ஜெரால்ட் ஃபோர்டு விமானந்தாங்கியைக் கரீபியனுக்குப் போகச் சொன்னார்கள். டிசம்பரில் வெளியான தேசியப் பாதுகாப்பு உத்தி, அமெரிக்கக் கண்டங்களுக்கே முதலிடம் என்கிறது.