வாலரன்ட் துப்பாக்கி விளையாட்டுக்காகத் தினமும் எய்ம் ட்ரெயினர் (குறிபார்க்கப் பழகும் செயலி) போடுகிறேன், அதில் ஸ்கோர் ஏறுகிறது. ஆனாலும் மேட்சில் ஹெட்ஷாட் (தலையில் குண்டு) விழவில்லை. மவுஸ் மாற்றினால் சரியாகுமா?

மாற்ற வேண்டாம், காசு வீண். எய்ம் ட்ரெயினரில் ஸ்கோர் ஏறுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் கையில் குறையில்லை. எதிரி கண்ணில் படுவதற்கு முன் உங்கள் கிராஸ்ஹேர், அதாவது திரை நடுவிலுள்ள குறி, எங்கே நிற்கிறது என்பதுதான் பிரச்சினை. எய்ம் ட்ரெயினர் அதைச் சொல்லித் தராது, ஏனென்றால் அங்கே பெரும்பாலும் சுவரும் இல்லை, மூலையும் இல்லை.

முதலில் ஒரு மேட்சை ரெக்கார்ட் செய்யுங்கள். ஒவ்வொரு சண்டையிலும் எதிரியின் தோள் முதன்முதலாகத் தெரியும் நொடியில் வீடியோவை நிறுத்தி, கிராஸ்ஹேர் தலைக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா, பக்கவாட்டில் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இருபது சண்டை போதும். பெரும்பாலானவர்களுக்குக் கீழேதான் இருக்கும். ஓடும்போது தரையைப் பார்த்து ஓடுவது அவ்வளவு ஊறிப்போன பழக்கம்.

உயரத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. விளையாட்டில் உங்கள் கண் இருப்பது உங்கள் தலை உயரத்தில். ஆகவே நீங்களும் எதிரியும் ஒரே சமதளத்தில் நின்றால், பார்வையை மேலும் கீழும் சாய்க்காமல் நேராக வைத்தாலே கிராஸ்ஹேர் அவர் தலையில் இருக்கும். ஐந்து மீட்டரில் நின்றாலும் சரி, முப்பது மீட்டரில் நின்றாலும் சரி. இது கெடுவது மூன்று இடங்களில். மேடான இடத்தில் நின்று கீழே பார்த்தால், கிட்டே வருபவரின் தலை நன்றாகக் கீழிறங்கித் தெரியும், தொலைவில் இருப்பவரின் தலை நேர்கோட்டுக்கு அருகில் இருக்கும். கீழிருந்து மேலே பார்த்தால் இதற்குத் தலைகீழ். அசெண்ட் மேப்பில் ஏ மெயின் என்ற பாதையிலிருந்து வெளியே வருபவர், உயரத்தில் இருக்கும் ஹெவன் மேடையைப் பார்க்கக் கிராஸ்ஹேரைத் தூக்கிவிட்டு, அதே உயரத்தில் கீழே உள்ள சைட்டுக்கு (வெடிகுண்டு வைக்கும் இடம்) திருப்பினால் குண்டு தலைக்கு மேலே போய்விடும். மூன்றாவது, குனிவது. நீங்கள் குனிந்தால் கண்ணும் இறங்குகிறது. கிராஸ்ஹேர் இப்போது நிற்பவரின் மார்பில்.

அடுத்தது சுவரிலிருந்து விட வேண்டிய இடைவெளி. முக்கால்வாசிப் பேர் இங்கேதான் தோற்கிறார்கள். மூலையைப் பிடித்துக் காத்திருக்கும்போது கிராஸ்ஹேரைச் சுவரின் விளிம்பில் ஒட்டி வைக்கிறீர்கள். ரைஃபிள் கையில் இருப்பவர் நொடிக்கு 5.4 மீட்டர் ஓடுகிறார். கண் பார்த்து விரல் அழுத்த ஏறக்குறைய 0.2 நொடி ஆகும். அதற்குள் அவர் ஒரு மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுவார், நீங்கள் சுட்டது அவர் முதுகுக்குப் பின்னால் காற்றில். ஆகவே ஓடி வருவார் என்று எதிர்பார்த்தால் விளிம்பிலிருந்து இரண்டு ஆள் அகலம் தள்ளி வையுங்கள், மெதுவாக எட்டிப்பார்ப்பார் என்றால் அரை ஆள் போதும். இதே ஒரு மீட்டர் அருகில் திரையில் பெரிதாகவும் தூரத்தில் மிகச் சிறிதாகவும் தெரியும் என்பதை மறக்காதீர்கள். முடிந்தவரை மூலையை விட்டு விலகி நில்லுங்கள். மூலையிலிருந்து அதிகம் விலகி நிற்பவருக்குத்தான் அடுத்தவரின் தோள் முதலில் தெரியும்.

நீங்கள் எட்டிப்பார்க்கும்போது மவுஸை இழுக்காதீர்கள். கிராஸ்ஹேரை அடுத்த ஆங்கிளில் தலை இருக்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டு, ஏ, டி கீகளால் நகர்ந்து அதை இலக்கின் மேல் கொண்டுபோங்கள். நின்றபின் சுடுங்கள். ஓடிக்கொண்டே ரைஃபிளை அழுத்தினால் எவ்வளவு நல்ல எய்மும் சிதறும்.

சென்சிட்டிவிட்டி (மவுஸை நகர்த்தினால் பார்வை எவ்வளவு திரும்பும் என்ற அளவு) பற்றி எழுதினால் சண்டைக்கு வருவார்கள், தெரியும். மவுஸில் 800 டிபிஐ (ஓர் அங்குல நகர்வுக்கு மவுஸ் அனுப்பும் புள்ளிகள்), விளையாட்டுக்குள் 0.35 என்பது நடுத்தரமான தொடக்கம். முழு வட்டம் சுற்ற மவுஸ் ஏறக்குறைய 47 செ.மீ. நகர வேண்டும். அதிக வேகத்தில் பிரமாதமாக ஆடுபவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் நிலையாகப் பிடித்து வைக்க மெதுவான அளவு உதவும். எதை வைத்தாலும் ஒரு மாதத்துக்குத் தொடாதீர்கள்.

பயிற்சிக்கு, கஸ்டம் கேமில் தனியாகப் போய்ப் பத்து நிமிடம் ஒரே மேப்பை நடந்து பாருங்கள். ஒவ்வொரு மூலையிலும் தலை உயரத்தில் பெட்டி விளிம்போ, சுவர்க் கோடோ, ஓர் அடையாளம் கண்டுபிடியுங்கள். பிறகு ஒரு டெத்மேட்ச் (அணி இல்லாமல் எல்லோரும் எல்லோரையும் சுடும் ஆட்டம்), ஷெரிஃப் கைத்துப்பாக்கி மட்டும். எத்தனை கில் என்று எண்ண வேண்டாம், சுடும் முன் மவுஸ் எவ்வளவு நகர வேண்டியிருந்தது என்று மட்டும் கவனியுங்கள். அது குறையக் குறைய நீங்கள் சரியான வழியில் போகிறீர்கள்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கிராஸ்ஹேரை எங்கே வைப்பது என்பதில் பாதி, காலடிச் சத்தம் சொல்லும் தகவல். செத்துப்போன டீம்மேட் மைக்கில் கத்திக்கொண்டிருந்தால் அது கேட்காது. ஒருவர் தனியாக இரண்டு பேரை எதிர்த்து நிற்கும்போது "லெஃப்ட் போடா, ரைட் பாருடா" என்று ஏவுவதும், புதிதாக வந்த பையனை கேமை அன்இன்ஸ்டால் பண்ணச் சொல்வதும் எந்த ரேங்கிலும் அசிங்கம். எதிரி எங்கே இருக்கிறான், எத்தனை டேமேஜ் என்று ஒரே வரி சொல்லிவிட்டு வாயை மூடினால் போதும். அப்படிக் கத்துபவரை முதல் ரவுண்டிலேயே மியூட் செய்துவிடுங்கள்.