பிடி-எல்1 எண் ஆயுளைச் சொல்லுமா?

உங்கள் தந்தையின் உணவுக்குழாய்ப் புற்றுநோய் அறிக்கையில் 'பிடி-எல்1, சிபிஎஸ் 12' என்று இருப்பதையும், இந்தப் புரதம் மிகுந்தால் நோய் கடுமையானது என்று எங்கோ படித்ததையும் எழுதி, அவருக்கு எவ்வளவு காலம் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தகைய திசுக்களை நுண்ணோக்கியில் பார்த்து அந்த எண்ணை எழுதித் தரும் நோயியல் மருத்துவர் நான். ஆயுளை அளப்பதற்காக நாங்கள் அந்த எண்ணைக் கணக்கிடுவதில்லை.

நம் நோயெதிர்ப்பு அணுக்களில் ஒருவகையான டி அணுக்களின் மேல், வண்டியின் பிரேக் போல, பிடி-1 என்றொரு தடை இருக்கிறது. ஜப்பானில் தசுக்கு ஹோஞ்சோவின் ஆய்வுக்கூடம் 1992இல் அதைக் கண்டறிந்தது. 2018இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. புற்றணுக்கள் தம் மேற்பரப்பில் பிடி-எல்1 புரதத்தை ஏந்திக்கொண்டு அந்தத் தடையை அழுத்துகின்றன. தாக்க வந்த டி அணு ஓய்ந்துவிடுகிறது. ஸ்லைடில் இந்தப் புரதத்துக்குச் சாயமேற்றி, சாயம் ஏறிய புற்றணுக்களையும், அவற்றைச் சூழ்ந்த நோயெதிர்ப்பு அணுக்களான நிணநீர் அணுக்களையும் மேக்ரோபேஜ்களையும் (விழுங்கணுக்கள்) சேர்த்து எண்ணி, உயிருள்ள மொத்தப் புற்றணுக்களால் வகுத்து நூறால் பெருக்கினால் கிடைப்பதே சிபிஎஸ். ஆகவே 12 என்பதற்குப் புற்றணுக்களில் 12 விழுக்காடு என்று பொருளில்லை. அதன் பெரும்பகுதி நோயெதிர்ப்பு அணுக்களிலிருந்தே வந்திருக்கலாம்.

குழப்பம் தொடங்குவதும் இங்கேதான். டி அணுக்கள் கட்டிக்குள் நுழைந்து இன்டர்ஃபெரான் காமா என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கும்போது, அதற்கு எதிர்வினையாகவும் பிடி-எல்1 கூடுகிறது. எனவே உயர்ந்த எண், புற்றுநோய் தப்பிக்கும் வழியைக் காட்டுவதாகவும் இருக்கலாம், உடல் இன்னும் போராடுவதைக் காட்டுவதாகவும் இருக்கலாம். இந்தப் புரதம் கூடினால் முடிவு மோசம் என்று சில ஆய்வுகளும் அப்படியில்லை என்று வேறு சில ஆய்வுகளும் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்றே நான் கருதுகிறேன். கட்டிக்குள், புற்றணுக்களை நேரடியாகக் கொல்லும் சிடி8 டி அணுக்கள் நிறைய இருந்தால் நோயாளிகள் பொதுவாக நீண்ட காலம் வாழ்கிறார்கள் என்பதில் ஆய்வுகள் பெரிதும் ஒத்துப்போகின்றன. ஆனால் அந்த எண்ணிக்கை வழக்கமான அறிக்கைகளில் இடம்பெறுவதில்லை.

அந்த 12 பயன்படுவது மருந்தைத் தீர்மானிக்கும் இடத்தில். பரவிய அல்லது அறுவை செய்ய இயலாத நோயில், கீமோதெரபியுடன், பிடி-1 தடையை விடுவிக்கும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தைச் சேர்த்துப் பார்த்த கீநோட்-590 ஆய்வில், செதிள் அணு வகையும் (உணவுக்குழாயின் உட்புறத்தை மூடும் தட்டை அணுக்களில் தொடங்கும் புற்று) சிபிஎஸ் 10 அல்லது அதற்கு மேலும் உள்ளவர்களின் இடைநிலை வாழ்நாள் 13.9 மாதங்களாக இருந்தது. கீமோதெரபி மட்டும் பெற்றவர்களுக்கு அது 8.8 மாதங்கள். இடைநிலை என்றால் பாதிப்பேர் அதைவிடக் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்று பொருள். தயவுசெய்து இந்த மாதங்களை உங்கள் தந்தையின் மேல் ஏற்றிப் பார்க்காதீர்கள். எண் 1க்கும் கீழே இருப்பவர்களுக்கு இவ்வகை மருந்தின் நன்மை அதன் தீங்கை விஞ்சுவதாகத் தெரியவில்லை என்று, 2024 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழுவில் பெரும்பாலோர் வாக்களித்தார்கள்.

அறுவை செய்யக்கூடிய நிலையில் கதை வேறு. கீமோதெரபியும் கதிர்வீச்சும் பெற்று, அறுவைக்குப் பின் எடுத்த திசுவில் இன்னும் புற்றணுக்கள் எஞ்சியிருந்தவர்களுக்கு அதே வகை மருந்தான நிவோலுமாப் கொடுத்த செக்மேட் 577 ஆய்வில், நோய் திரும்பாமல் இருந்த இடைநிலைக் காலம் 11 மாதங்களிலிருந்து 22.4 மாதங்களாக உயர்ந்தது. அங்கே மருந்தைத் தொடங்க பிடி-எல்1 எண்ணை யாரும் நிபந்தனையாக வைக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எண்டோஸ்கோப்பியில் கிள்ளி எடுக்கும் திசு மிகச் சிறியது. ஒரே நோயாளியின் பயாப்சியில் ஓர் எண்ணும், பின்னர் அறுவையில் எடுத்த கட்டியில் வேறோர் எண்ணும் வந்ததை நானே பார்த்திருக்கிறேன். நோய் எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை நிணநீர் முடிச்சுகளில் பரவியிருக்கிறது, சிகிச்சைக்குக் கட்டி எவ்வளவு சுருங்கியது, அவர் எவ்வளவு எடை இழந்திருக்கிறார் என்பவை இந்த ஓர் எண்ணைக் காட்டிலும் அதிகம் சொல்லும்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, இது செதிள் அணு வகையா சுரப்பி வகையா என்றும், டிஎன்ஏ பிழைதிருத்தப் புரதங்களுக்கான சோதனை செய்யப்பட்டதா என்றும் கேளுங்கள். அந்தப் புரதங்கள் இழக்கப்பட்டிருப்பது உணவுக்குழாயில் அரிது. ஆனால் அப்படி இருந்தால், பிடி-எல்1 எண் குறைவாக இருந்தாலும் இம்யூனோதெரபிக்கு, அதாவது மேலே சொன்ன வகை மருந்துகளுக்கு, நோய் நன்றாகக் கட்டுப்பட வாய்ப்புண்டு.