என்டர்ப்ரைஸ் கப்பலோட டிசைனை மாத்தினா ரசிகர்கள் ஏன் இவ்ளோ சண்டை போடறாங்க?

கேள்வியில ரெண்டு விஷயம் கேட்டிருக்கீங்க. ஸ்டார் ட்ரெக்ங்கிற அமெரிக்க விண்வெளித் தொடர்லயும் படங்கள்லயும் வர்ற என்டர்ப்ரைஸை ஒவ்வொரு தலைமுறையும் மாத்திட்டே இருக்காங்களே, வெறும் ஒரு கற்பனைக் கப்பலுக்கு ரசிகர்கள் எதுக்கு இப்படி அடிச்சிக்கறாங்க, அப்புறம் உங்களுக்குப் பிடிச்சது எது. ரெண்டாவதுக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். 1979 படத்துல வந்த கப்பல்தான் எனக்கு எல்லாத்துக்கும் மேல. 2009 படத்துல வந்தது சுத்தமா பிடிக்கல. 2018ல டிவிக்கு வந்தது பக்கத்துல வந்து நின்னுடுச்சு, ஆனா முழுசா வரல. ஏன்னு கேட்டா கொஞ்சம் நீளமா சொல்லணும், ஏன்னா சண்டை எதைப் பத்தின்னு தெரிஞ்சாதான் எதுக்குன்னும் தெரியும்.

பாக்காதவங்களுக்கு உருவத்தைச் சொல்லிடறேன். முன்னாடி ஒரு பெரிய வட்டத் தட்டு, அதுலேர்ந்து ஒல்லியா ஒரு கழுத்து சாய்வா கீழ இறங்கும், கீழ உருளையா ஒரு உடம்பு, அந்த உடம்போட பின்பக்கத்துலேர்ந்து ரெண்டு மெல்லிசான தூண் மேல் நோக்கி விரிஞ்சு போய் ஆளுக்கு ஒரு நீளமான இன்ஜினைத் தாங்கி நிக்கும். இன்ஜினை நாசெல்ன்னு சொல்லுவோம், தூணை பைலான்னு சொல்லுவோம். அவ்ளோதான் கப்பல். குழந்தைகூட நாலு கோட்டுல வரைஞ்சிடும், பாக்கிறவங்களும் உடனே கண்டுபிடிச்சிடுவாங்க.

இதை வரைஞ்சவர் மேட் ஜெஃப்ரீஸ். இரண்டாம் உலகப் போர்ல குண்டுவீச்சு விமானத்துல பறந்தவர், கடைசி வரைக்கும் விமானப் பைத்தியம். 1964ல ஸ்டார் ட்ரெக்கை உருவாக்கின ஜீன் ராடன்பெரி அவர்கிட்ட சொன்னது பெரும்பாலும் என்னென்ன இருக்கக் கூடாதுங்கிறதுதான். இறக்கை கூடாது, ராக்கெட் மாதிரி வால் கூடாது, பின்னாடி நெருப்பு கக்கக் கூடாது, ஆனா பாத்தா சக்தி தெரியணும். அந்தக் காலத்து விண்வெளிக் கப்பல்னாலே ஒண்ணு ஊசி ராக்கெட், இல்லன்னா பறக்கும் தட்டு, ரெண்டையும் விட்டுட்டு யோசிக்கணும். ஜெஃப்ரீஸ் ஒரு மெக்கானிக் மாதிரி யோசிச்சார். இவ்ளோ சக்தி உள்ள இன்ஜின்னா பக்கத்துல மனுஷன் இருக்கறது ஆபத்து, அதனால ஆள் இருக்கற இடத்தை விட்டு தூரமா தள்ளி வை. எந்தப் பொருளும் ஒருநாள் ரிப்பேர் ஆகும், ரிப்பேர் பண்ண ஒருத்தன் வெளிய விண்வெளியில இறங்கறது முட்டாள்தனம், அதனால எல்லாத்தையும் உள்ள வெச்சிட்டு வெளித்தோலை வழுவழுன்னு விட்டுடு. அந்தக் கப்பல் ஏன் அவ்ளோ மொழுக்குன்னு இருக்குன்னா பட்ஜெட் மட்டும் காரணம் இல்ல, அதுக்குப் பின்னாடி ஒரு எண்ணம் இருக்கு. கப்பலுக்குள்ள ஆள் தவழ்ந்து போய் ரிப்பேர் பண்ற குழாய்க்கு இன்னிக்கு வரைக்கும் ஜெஃப்ரீஸ் ட்யூப்ன்னுதான் பேரு.

இப்ப என் முக்கியமான பாயிண்டுக்கு வர்றேன். அந்த டிசைன்ல பாதி வெறும் காத்து. தட்டுக்கும் உடம்புக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி, ரெண்டு நாசெலுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி, அந்த பைலான் நியாயமா தாங்கவே முடியாத அளவுக்கு மெல்லிசா இருக்கறது, இதெல்லாம்தான் என்டர்ப்ரைஸ். பிளாஸ்டிக் கிட் ஒட்டறவங்களுக்கு இது கை வழியா தெரியும். நானும் ஒட்டறவன்தான். ஏஎம்டிங்கிற கம்பெனியோட பழைய கிட்டை ஒட்டினவங்க எல்லாருக்கும் இருக்கிற ஒரே புலம்பல், கொஞ்ச நாள்ல நாசெல் ரெண்டும் தொங்கிடும், உள்ள கம்பி வெச்சி முட்டுக் கொடுக்கணும். ஏன் தொங்குதுன்னா அந்த உருவம் பூமியில நிக்கறதுக்காக வரைஞ்சது இல்ல. எடை இருக்கிற இடத்துல இப்படி ஒண்ணைக் கட்டவே மாட்டாங்க. அதைப் பாத்த உடனே நம்ம மூளைக்கு, இது விண்வெளியில பிறந்த பொருள், நமக்குத் தெரியாத ஏதோ ஒரு பலத்துல நிக்குதுன்னு ஒரு வார்த்தை வசனம் இல்லாம புரிஞ்சிடுது. அதனால என்னைப் பொறுத்தவரை தோலை எவ்ளோ வேணா மாத்துங்க, கோடு போடுங்க, லைட் போடுங்க, ஜன்னல் வைங்க, அந்த இடைவெளியில மட்டும் கை வைக்காதீங்க. ஒவ்வொரு டிசைனையும் நான் இதை வெச்சுதான் பாக்கறேன்.

ஒரிஜினல்தான் புனிதம், ஒரு புள்ளி மாத்தக் கூடாதுன்னு சொல்ற கூட்டத்தோடயும் எனக்கு ஒத்துப் போகாது, ஏன்னா ஒரிஜினல்னு ஒரே ஒரு உருவம் எப்பவுமே இருந்ததில்ல. ஷூட்டிங்குக்கு யூஸ் பண்ண பெரிய மாடல் 11 அடிக்கு மேல, மரமும் பிளாஸ்டிக்கும் தகரமும் சேர்த்து செஞ்சது. 1964 டிசம்பர்ல முதல் பைலட்டுக்காக, அதாவது தொடருக்கு முன்னாடி எடுக்கற சோதனை எபிசோடுக்காக, வந்தப்ப அதுல லைட்டே கிடையாது, நாசெல் முனையில கூர்மையா முள் மாதிரி ஒண்ணு நீட்டிட்டு இருந்துச்சு, முன்னாடி இருக்கிற டிஷ் பெருசு. அடுத்த பைலட்டுக்குக் கொஞ்சம் மாத்தினாங்க. 1966ல தொடர் ஆரம்பிக்கும்போது நாசெல் முனையில சுத்தற ஆரஞ்சு வெளிச்சம் வந்துச்சு, டிஷ் சின்னதாச்சு. காசு மிச்சம் பண்ண பழைய ஷாட்டையும் புது ஷாட்டையும் கலந்து போட்டதால ஒரே எபிசோட்ல ஒரு ஷாட்ல முள் இருக்கும் அடுத்த ஷாட்ல வெளிச்சம் இருக்கும், கவனிச்சுப் பாத்தா இப்பவும் தெரியும். லைட்டுக்கான வயர் எல்லாம் இடது பக்கம் வழியா வெளிய வந்ததால அந்தப் பக்கத்தை அவங்க முடிக்கவே இல்ல, எப்பவும் வலது பக்கத்தைத்தான் படம் எடுத்தாங்க. எதிர்த்திசையில போற மாதிரி வேணும்னா எழுத்தைக் கண்ணாடியில பாக்கற மாதிரி திருப்பி ஒட்டி எடுத்து, அப்புறம் ஃபிலிமைத் திருப்பிட்டாங்க.

கலர் சண்டை தனிக் கதை. அந்த மாடல் உண்மையில லேசா பச்சை கலந்த சாம்பல், ஆனா டிவியில வெள்ளையா தெரியும், சில ஷாட்ல நீலமா தெரியும், ஏன்னா எஃபெக்ட்ஸ் வேலையைப் பல கம்பெனிகிட்ட பிரிச்சுக் கொடுத்தாங்க, ஒவ்வொருத்தன் லைட்டிங்கும் பிராசஸிங்கும் வேற. 1974ல மாடல் ஸ்மித்சோனியனுக்குப் போச்சு, வாஷிங்டன் விமான விண்வெளி மியூசியத்துல தொங்கிச்சு. தொண்ணூறுகளோட ஆரம்பத்துல ஒரு தடவை புதுப்பிச்சப்ப உடம்பு முழுக்க அழுத்தமா கட்டம் கட்டமா கோடு வரைஞ்சுட்டாங்க, ரசிகர்கள் வருஷக்கணக்கா அதுக்காக வருத்தப்பட்டாங்க. நல்லவேளையா தட்டோட மேல்பக்கத்துல மட்டும் பழைய பெயின்ட் அப்படியே தப்பிச்சிருந்துச்சு. அப்புறம் 2014லேர்ந்து 2016 வரைக்கும் மறுபடி உக்காந்தாங்க, எக்ஸ்ரே எடுத்தாங்க, பழைய ஃபோட்டோ ஃபிலிம் ஏதாவது இருந்தா குடுங்கன்னு ரசிகர்கள்கிட்டயே கேட்டாங்க, அந்த மிச்சப் பெயின்டை ஆதாரமா வெச்சு கலரைப் புடிச்சாங்க. சண்டை போடறவங்களைக் கிண்டல் பண்றவங்க இந்த ஒரு விஷயத்தை யோசிக்கணும், அந்தச் சண்டைக்காகச் சேத்து வெச்ச ஃபோட்டோவும் ஆராய்ச்சியும்தான் கடைசியில ஒரு மியூசியத்துக்கு உதவிச்சு.

1979 கப்பலுக்கு வர்றேன். எழுபதுகள்ல புது டிவி தொடர் ஒண்ணு எடுக்கறதா பிளான் பண்ணி, அதுக்காக ஜெஃப்ரீஸே பழைய கப்பலைத் திருத்தி வரைஞ்சார், தொடர் நின்னு போய் சினிமாவாச்சு, ஆண்ட்ரூ ப்ரோபர்ட்டும் ரிச்சர்ட் டெய்லரும் அந்த வரைபடத்துலேர்ந்து மேல கொண்டு போனாங்க. பைலான் பின்னாடி சாய்ஞ்சுது, உருண்டை நாசெல் தட்டையாச்சு, சுத்தற ஆரஞ்சு வெளிச்சம் போயிடுச்சு. மாத்தாத பாகம் ஒண்ணுகூட இல்ல, ஆனா தூரத்துலேர்ந்து பாத்தா அதே கப்பல், ஏன்னா இடைவெளி எல்லாம் இருந்த இடத்துல இருக்கு. கதையிலயும் காரணம் சொன்னாங்க, 18 மாசமா கப்பலைப் பிரிச்சு மேய்ஞ்சிருக்கோம்னு கப்பலோட இன்ஜினியர் ஸ்காட்டியே சொல்லுவார். சுமார் எட்டடி மாடல், முத்து மாதிரி நிறம் மாறற பெயின்டை அடுக்கடுக்கா அடிச்சிருப்பாங்க, கப்பலோட சொந்த விளக்கே அதோட உடம்பு மேல வெளிச்சம் அடிக்கிற மாதிரி எஃபெக்ட்ஸ் பண்ண டக்ளஸ் ட்ரம்புல் லைட்டிங் பண்ணார், சுத்தி சூரியன் இல்லாத இடத்துல கப்பல் எப்படித் தெரியும்ங்கிற கேள்விக்கு அவ்ளோ அழகான பதில். பழைய தொடர்ல கப்பலோட கேப்டனா இருந்த கிர்க் சின்ன வண்டியில கப்பலைச் சுத்தி வர்ற காட்சி ரொம்ப நீளம்னு இன்னிக்கும் திட்டறாங்க. எனக்கு அதுல ஒரு நொடிகூட அதிகமா தெரியல, பத்து வருஷம் காத்திருந்தவங்களுக்குக் கப்பலை அப்படித்தான் காட்டணும். அடுத்த படத்துக்கு வேற எஃபெக்ட்ஸ் கம்பெனி வந்தப்ப அந்தப் பளபளப்புல ப்ளூ ஸ்கிரீன் பிரதிபலிக்குதுன்னு மேல மங்கலா ஸ்ப்ரே அடிச்சுட்டாங்க, அதை நினைச்சா இப்பவும் வயிறு எரியும்.

2009. முதல் டீசர் 2008 ஜனவரில வந்துச்சு, அதுல கப்பலைத் தரையில வெச்சு வெல்டிங் பண்ணிட்டு இருப்பாங்க. அன்னிக்கே சண்டை ஆரம்பிச்சிடுச்சு, இதை விண்வெளியிலதானே கட்டணும்னு. வெளியிலேர்ந்து பாத்தா சின்ன விஷயம், ஆனா மேல நான் சொன்ன எடை விஷயத்தை யோசிச்சா அந்தக் கோவம் நியாயம்னு புரியும். ரயன் சர்ச் வரைஞ்ச அந்தக் கப்பல்ல தட்டு மட்டும் பழைய மாதிரியே இருக்கு, பின்பக்கம் வந்தா நாசெல் ரெண்டும் முன்னாடி குண்டா ஊதிப் போய், ஒண்ணுக்கொண்ணு நெருங்கி நிக்குது, கழுத்து பின்னாடி தள்ளிப் போயிடுச்சு, உடம்பு வாலோட ஒல்லியா முடிஞ்சிடுது, பக்கவாட்டுல பாத்தா கனம் எல்லாம் ஒரு பக்கம் போய் குமிஞ்சிருக்கு. ஒரிஜினல் 289 மீட்டர்னு எல்லாரும் மனப்பாடமா சொல்லுவாங்க, இதுக்கு 725 மீட்டர்னு சொன்னாங்க, ஆனா ஜன்னல் வரிசையைப் பாத்தா அவ்ளோ பெருசா தெரியல, இந்த ஒரு நம்பரை வெச்சே வருஷக்கணக்கா சண்டை நடந்துச்சு. இன்ஜின் ரூமை லாஸ் ஏஞ்சலஸ்ல ஒரு பியர் தொழிற்சாலைக்குள்ள எடுத்தாங்க, குழாயும் தொட்டியும் அப்படியே தெரியும், பழைய கப்பலோட சுத்தமான உள்பக்கத்தைப் பாத்துப் பழகினவங்களுக்கு அது தாங்கல. ஆனா ஒண்ணு, அந்தப் படத்துலதான் ஸ்டார் ட்ரெக்கையே முதல்ல பாத்தவங்க நிறையப் பேர் இருக்காங்க, அவங்களுக்கு அதுதான் கப்பல். அவங்க வீட்டு அலமாரியில அந்த மாடல் இருக்கறதுல எனக்கு சந்தோஷம்தான். கதைப்படியும் அது வேற காலக்கோடு, அதாவது பழைய கதையிலேர்ந்து பிரிஞ்சு தனியா போற வரலாறு, அதனால அங்க மாத்தினது நியாயம்னு ஒத்துக்கறேன். அழகுன்னு மட்டும் ஒத்துக்க முடியாது.

2018ல நடந்த சண்டை வேற ரகம், அதுதான் பெருசு. டிஸ்கவரிங்கிற புது ஸ்டார் ட்ரெக் தொடரோட முதல் சீசன் கடைசி எபிசோட்ல, பிப்ரவரி மாசம், திடீர்னு என்டர்ப்ரைஸ் வந்து நின்னுச்சு, பழைய தீம் மியூசிக்கும் கூட வந்துச்சு. இங்க காலக்கோடு வேறன்னு சாக்கு சொல்ல முடியாது, கிர்க் ஏறப் போற அதே கப்பல், அதுக்குப் பத்து வருஷம் முன்னாடி. அப்ப எப்படி உருவம் வேற? வரைஞ்ச டீம்ல ஜான் ஈவ்ஸ் இருந்தார், 1996 படத்துக்கு என்டர்ப்ரைஸ் ஈங்கிற பிந்தின தலைமுறைக் கப்பலை வரைஞ்சவர். சட்டப்படி 25 சதவீதம் மாத்தணும்னு சொன்னாங்கன்னு அவர் பேச்சு ஒண்ணு வெளிய வர, சட்டம் எல்லாம் இல்ல, கலை சம்பந்தப்பட்ட முடிவுதான்னு கம்பெனி மறுக்க, அதுல ஒரு ரவுண்டு சண்டை. ஆரஞ்சு வெளிச்சம் திரும்பி வந்துச்சு, தட்டும் உருளை நாசெலும் மரியாதையா பண்ணியிருந்தாங்க, பைலானை மட்டும் பின்னாடி சாய்ச்சு நடுவுல ஓட்டை விட்டுட்டாங்க, கழுத்தையும் தடியாக்கிட்டாங்க.

"அறுபதுகள் டிசைன் இன்னைய ஸ்கிரீன்ல பொம்மையா தெரியும், மாத்தாம முடியாது"ன்னு சொல்றவங்களுக்கு என் பதில் இதுதான். 1996ல டீப் ஸ்பேஸ் நைன் தொடர்ல அதே உருவத்தைப் புதுசா மாடல் செஞ்சு காட்டினாங்க. 2005ல கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ்ல அதே ரகக் கப்பல் டிஃபையன்ட்டைக் காட்டினாங்க. 2023ல பிகார்ட் தொடரோட மூணாவது சீசன்ல மியூசியக் கப்பல்கள் வரிசையில நியூ ஜெர்சின்னு ஒண்ணு நிக்கும், அச்சு அசலா 1966 உருவம், இன்னைய லைட்டிங்ல. மூணுலயும் யாருக்கும் பொம்மையா தெரியல. நல்லா வெளிச்சம் போட்டா போதும். அதே சீசன்ல 1987 தொடரோட என்டர்ப்ரைஸ் டி அப்படியே திரும்பி வந்தப்ப எவ்ளோ பேர் அழுதாங்கன்னு பாத்திருப்பீங்க. அதுவும் முதல்ல வந்தப்ப குண்டுன்னு திட்டு வாங்கின கப்பல்தான். ஆனா அது புதுக் கப்பல், புதுப் பேரெழுத்து, கிர்க்கோட கப்பலைப் பிடுங்கிட்டு அதோட இடத்துல வந்து உக்காரல. ரசிகர்கள் கோவப்படறது புதுசு வந்ததுக்கு இல்ல, பழசு எப்பவுமே இப்படித்தான் இருந்துச்சுன்னு சொல்லும்போதுதான் கோவம் வருது.

இப்ப ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ் தொடர்ல அந்த 2018 கப்பலுக்கு 442 மீட்டர்னு கணக்கு வெச்சிருக்காங்க, அஞ்சாவது சீசனோட தொடர் முடியுதுன்னு அறிவிச்சிருக்காங்க. கடைசி எபிசோட்ல கப்பலை 1966 உருவத்துக்கே கொண்டு வந்துடணும்னு கேக்கறவங்க இருக்காங்க. நான் அவ்ளோ கேக்கல. ஜன்னல் வெச்ச அந்த பிரிட்ஜ், அதாவது கேப்டன் உக்கார்ற அறை, இருக்கட்டும், உடம்புல இருக்கிற கோடு இருக்கட்டும், நீளத்தைக்கூட குறைக்க வேண்டாம். கழுத்தை ஒல்லியாக்கி, பைலானை நேரா நிமித்தி, அந்த ஓட்டையை அடைச்சிட்டா எனக்குப் போதும்.