இ-சிகரெட்டுக்கும் சிகரெட் வரியே பொருந்துமா?

வணக்கம். சிகரெட்டை விட்டு இ-சிகரெட்டுக்கு மாறிய பிறகும் அதே வரியைக் கட்டச் சொல்வது அநியாயம் என்று எழுதியிருந்தீர்கள். பாதி சரி என்பேன்.

புகையிலை வரிக்குக் காரணம் ஒன்றல்ல. பக்கத்தில் நிற்பவர் சுவாசிக்கும் புகை, பொதுச் செலவில் நடக்கும் சிகிச்சை என்று அடுத்தவர் தலையில் விழும் சுமையை விலையில் சேர்ப்பது ஒன்று. பொருளியலாளர் பிகு காட்டிய வழி அது. எனக்கு வலுவாகத் தெரிவது இன்னொன்று: 16 வயதில் பழகி 40 வயதில் விட முடியாமல் தவிக்கப்போகிறவரை முதலிலேயே தடுப்பது. விலை 10 சதவீதம் ஏறினால் வசதியான நாடுகளில் சிகரெட் நுகர்வு சுமார் 4 சதவீதம் குறைகிறது. இளையவர்களிடம் இன்னும் அதிகம்.

இ-சிகரெட்டில் புகையிலை எரிவதில்லை; பாட்டிலில் வரும் நிக்கோட்டின் திரவம் சூடாகி ஆவியாகிறது, அதைத்தான் இழுக்கிறோம். தார் என்னும் பிசுபிசுப்பான படிவும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவும் எரிவதால் வருபவை. அதனால் ஆபத்து குறைவு, ஆனால் அடிமையாக்கும் நிக்கோட்டினின் பிடி விடாது. ஒரே வரி போட்டால் மாற நினைப்பவர் சிகரெட்டிலேயே நின்றுவிடுவார். வரியே இல்லையென்றால் பள்ளிப் பிள்ளைகள் கைக்கு மலிவாகப் போய்ச் சேரும். ஆக, வரி வேண்டும், சிகரெட்டைவிட நன்றாகவே குறைவாக.

அப்புறம், எதை அளந்து வரி போடுகிறார்கள் என்று பாருங்கள். 10 மில்லி பாட்டில் ஒன்றில் மில்லிக்கு 3 மில்லிகிராம் நிக்கோட்டின், இன்னொன்றில் 20. மில்லிக் கணக்கு என்றால் இரண்டுக்கும் ஒரே வரிதான். காசு மிச்சம் பிடிக்க நினைப்பவர் கடுமையானதைத்தான் எடுப்பார். உங்கள் பாட்டிலில் எவ்வளவு போட்டிருக்கிறது? வரிக்குப் பயந்து சிகரெட் பக்கம் மட்டும் திரும்பிவிடாதீர்கள்.