நாக்குத்தான் தொங்கும், நாய் தொங்கப்போடாது

கேள்வி: உயர்தரம் படிக்கிறேன். 'லொல்' என்ற ஆங்கில வினையை வைத்து ஐந்து வசனம் எழுதச் சொன்னார்கள். அகராதியில் 'சோம்பலாகச் சாய்ந்து கிட' என்றும் 'தொங்கு' என்றும் இரண்டு கருத்துப் போட்டிருந்தது. "த டொக் லொல்ட் இட்ஸ் டங்" என்றும் "த சில்லி பிளான்ட்ஸ் ஆர் லொலிங் இன் த சன்" என்றும் எழுதினேன். இரண்டும் வெட்டுப்பட்டன. ஏன் பிழை என்று விளங்கவில்லை. தம்பியோ அது ஃபோனில் சிரிப்புக்குப் போடுகிற சொல் என்கிறான்.
– மாணவி, கிளிநொச்சி

பதில்: பிள்ளை, முதல் வசனத்தில் உங்களைச் சறுக்கவைத்தது ஆங்கிலம் இல்லை, தமிழ். மத்தியான வெக்கைக்கு மாமரத்தடியில் கிடந்து இளைக்கிற நாயைக் கண்டால் "நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிடக்குது" என்றுதான் எங்கள் வாயில் வரும். அதில் தொங்கப்போடுவது நாய், நாக்குச் செயப்படுபொருள். தமிழில் இதற்குத் தாராளமாக இடம் உண்டு. 'சாய்ந்தது' தன்வினை, 'சாய்த்தது' பிறவினை, ஒரு எழுத்தை மாற்றினால் போதும். 'லொல்' என்ற வினைக்கு இன்றைய வழக்கில் அந்தச் சோடி இல்லை. தொங்குகிற பொருளே எழுவாயாக நிற்கவேண்டும்: "த டொக்ஸ் டங் வோஸ் லொலிங் அவுட்."

நாயைத்தான் எழுவாயாக வைக்க விருப்பம் என்றால் 'லெட்'டைத் துணைக்கு எடுங்கள்: "த டொக் லெட் இட்ஸ் டங் லொல் அவுட்." இன்னொரு அமைப்பும் இருக்கிறது, ஆங்கிலக் கதைகளில் அடிக்கடி காண்பீர்கள்: "த டொக் லே அண்டர் த மாங்கோ ட்ரீ வித் இட்ஸ் டங் லொலிங் அவுட்." முதலில் 'வித்', பிறகு 'இட்ஸ்', பிறகு உறுப்பு, கடைசியில் 'லொலிங்'. எங்கள் 'தொங்கப்போட்டபடி'க்கு மிகக் கிட்ட வருவது இதுதான், இதை மனப்பாடமே செய்துவிடலாம். பெரிய அகராதிகளைப் புரட்டினால் செயப்படுபொருளோடு வருகிற பழைய வழக்கும் கிடைக்கும். பரீட்சைத் தாளில் அதைத் தொடாதீர்கள். திருத்துகிறவரோடு வாதாட அங்கே இடமில்லை.

அகராதி இரண்டு கருத்து என்று பிரித்தாலும் அடியில் இருப்பது ஒன்றே. உடம்பைத் தூக்கிப் பிடித்திருக்கிற தசை தன் பிடியை விட்டுவிடுகிறது. முழு உடம்பும் விட்டால் சாய்ந்து கிடத்தல். கழுத்து விட்டால் தலை சரிதல். வாய் தளர்ந்து திறந்தால் நாக்கு வெளியே தொங்கல். வவுனியாவில் பஸ் ஏறிய ஒருவர் மாங்குளம் வருமுன்பே நித்திரையாகிவிடுகிறார் என்று வையுங்கள். பஸ் குலுங்கக் குலுங்கத் தலை முன்னுக்குப் போகிறது: "ஹிஸ் ஹெட் லொல்ட் ஃபோர்வர்ட்." பின்னுக்கு மல்லாருகிறது: "லொல்ட் பேக்." கடைசியில் பக்கத்தில் இருக்கிற அம்மாவின் தோளில் வந்து விழுகிறது: "லொல்ட் ஒன்டு ஹர் ஷோல்டர்." அவர் தலையைச் சரிக்கவில்லை, தலை தானாகச் சரிகிறது. மூன்றிலும் எந்தப் பக்கம் என்று சொல்லும் சொல் ஒன்று பின்னால் நிற்பதைக் கவனியுங்கள். "ஹிஸ் ஹெட் லொல்ட்" என்று நிறுத்தினால் இலக்கணப்பிழை இல்லை, ஆனால் வசனம் ஒற்றைக் காலில் நிற்கும்.

இனி மிளகாய்க் கன்று. பிடியை விடுவதற்கு அதற்குத் தசை ஏது? நீர் குறைந்து கலங்களின் விறைப்புப் போனதால் இலை துவள்கிறது. அதற்கு உரிய சொல் 'வில்ட்'. இலையோ பூவோ கண்ணிமையோ கீழ்நோக்கித் தொங்கினால் 'ட்ரூப்'. கயிற்றுக் கட்டிலும் உடுப்புக் காயப்போடுகிற கொடியும் பாரத்தால் நடுவில் தொய்ந்தால் 'ஸாக்'. பூவின் தலை சாய்வதற்குக் கவிதையில் 'லொல்' போடுவார்கள். அங்கே பூவை ஒரு ஆளாகவே பார்க்கிறார்கள், அதனால் பொருந்துகிறது. உங்கள் வசனம் வெறும் வெயிலையும் கன்றையும் சொல்கிறது. "த சில்லி பிளான்ட்ஸ் ஆர் வில்டிங் இன் த சன்" என்று மாற்றுங்கள்.

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. ஆள் எழுவாயானால் இந்த வினையில் குற்றம் சாட்டுகிற தொனி ஏறிவிடும். மற்றவர்கள் அரிவி வெட்டிக்கொண்டு நிற்க ஒருவன் மட்டும் நீட்டி நிமிர்ந்து கிடந்தால், "ஹி லொல்ட் இன் அன் ஈஸி செயார் வைல் த அதர்ஸ் வேர்க்ட்." 'எபவுட்' சேர்ந்தால் இன்னும் காரம்: "ஹி லொல்ட் எபவுட் ஓல் டே." விடுமுறை நாளில் கடற்கரையில் கிடந்தால் அந்தக் காரம் இல்லை, சுகம் மட்டும்தான். ஆனால் நாள் முழுக்க வயலில் நின்றுவிட்டு வந்து சாய்மனைக் கதிரையில் ஆறுகிற தாத்தாவுக்கு இதைப் போடாதீர்கள். அவருக்கு 'ரெஸ்ட்' போதும். தலையோ நாக்கோ எழுவாயானால் குற்றம் ஒன்றும் இல்லை. மயங்கியவரின் தலைக்கும், கழுத்து நிற்காத பச்சைப் பிள்ளையின் தலைக்கும் இதே சொல்தான்.

எங்கள் 'இல்' உருபு ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும், ஆங்கிலத்தில் பிரித்துப் போடவேண்டும். கைபிடி வைத்த, உடம்பு உள்ளே அமிழ்கிற கதிரை என்றால் 'இன்'. பாய், வாங்கு, மணல் என்றால் 'ஒன்'. சுவரிலோ மரத்திலோ சாய்ந்தால் 'எகெய்ன்ஸ்ட்'. "லொல்ட் ஒன் த வோல்" என்று எழுதினால் ஆள் மதிலுக்கு மேலே ஏறிக் கிடக்கிறான் என்று அர்த்தமாகும்.

தம்பி சொல்வது வேறு சொல். 'லாஃபிங் அவுட் லவுட்' என்பதன் முதலெழுத்துகள் மூன்று, 1980களில் கணினி வழியே எழுதிப் பேசியவர்களிடம் பிறந்தது. உங்கள் வினையோ 14ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் இருந்தது. முடிவில் 'எல்' இரண்டு, அதனால் 'ஈடி', 'ஐஎன்ஜி' சேர்க்கும்போது எதையும் இரட்டிக்கவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். உச்சரிப்பு 'டொல்' போலக் குறில், 'ரோல்' போல நீட்டக்கூடாது. நடுவிலுள்ள 'ஓ'வை 'யூ' ஆக்கிவிட்டால் 'லல்' என்ற இன்னொரு வினை வந்துவிடும், அது தாலாட்டி நித்திரையாக்குவது. அதற்குச் செயப்படுபொருள் வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஐந்தாவது வசனத்தை எழுதுங்கள்: "த மதர் லல்ட் த பேபி டு ஸ்லீப், அண்ட் இட்ஸ் ஹெட் லொல்ட் ஒன் ஹர் ஆர்ம்."