தடை போட்டால் மிளகாய்க் காலம் திரும்புமா?

கேள்வி: 1970களில் வெளிநாட்டு மிளகாயையும் வெங்காயத்தையும் அரசாங்கம் நிறுத்தியது; வன்னிக் கமக்காரர் தலைநிமிர்ந்தார்கள். இப்போதும் இறக்குமதியை அடியோடு தடை செய்தால் விவசாயம் பிழைக்கும், வெளிநாடு போன பெடியளும் திரும்பி வருவார்கள் அல்லவா?
– வாசகர், தர்மபுரம்

பதில்: வரமாட்டார்கள், ஐயா. தடை மட்டும் போட்டால் விவசாயமும் பிழைக்காது.

மிளகாய்க் காலத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. படித்த இளைஞர்களுக்கு அரசாங்கம் காணி கொடுத்த படித்த வாலிபர் திட்டத்தில், வன்னியில் விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் காணி எடுத்தவர்கள் செத்தல் (காய்ந்த மிளகாய்) மூட்டையை விற்றே கல்வீடு கட்டினார்கள், தங்கைமாரைக் கரைசேர்த்தார்கள். எல்லாம் உண்மை. ஆனால் அந்தக் கதையில் பாதியைத்தான் நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறோம்.

மற்றப் பாதி மலையகத்தில் நடந்தது. எங்கள் மிளகாய்க்கு விலை தந்த அதே இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் அங்கே மாவுக்கும் அரிசிக்கும் தட்டுப்பாடு. உலகச் சந்தையில் உணவும் எண்ணெயும் விலை ஏறியதும் ஒரு காரணம்தான். அதற்குமேல் அரிசியை இடம் விட்டு இடம் கொண்டுபோகவும் கட்டுப்பாடு. 1973, 74இல் அங்கே தேயிலைத் தோட்டங்களில் பட்டினியால் ஆட்கள் செத்தார்கள். பசி தாங்காமல் வன்னிக்கு வந்தவர்கள் பலர். தமிழர் தாக்கப்பட்ட 1977 ஆகஸ்ட் வன்செயலுக்குப் பிறகு இன்னும் வந்தார்கள். எங்கள் தோட்டங்களில் கூலிக்கு மிளகாய் பிடுங்கியது அவர்கள்தான். மிளகாய்ச் செடி இடுப்பளவுக்கும் வராது. நாள் முழுக்கக் குனிந்தபடிதான் பிடுங்க வேண்டும். இரவில் கை எரியும். எத்தனை தரம் கழுவினாலும் அந்தக் கையால் கைக்குழந்தையைத் தூக்கப் பயமாக இருக்கும். அந்தப் பெண்களின் கூலி குறைவாக இருந்ததும் எங்கள் மிளகாய் லாபத்தில் ஒரு பங்கு. இன்றும் அவர்களின் பிள்ளைகளில் பலருக்குக் குளத்து நீர் பாயும் வயல் இல்லை. மேட்டுக்காணியும் கூலி வேலையும்தான். தடை வேண்டும் என்று கேட்கும்போது இவர்களை மறந்துவிட்டுக் கேட்காதீர்கள்.

சரி, அந்தக் காலம் எப்படி முடிந்தது? 1977இல் ஆட்சி மாறியது, சந்தை திறந்தது, வெளிநாட்டுச் செத்தல் வந்தது, விலை விழுந்தது. பூட்டியதும் கொழும்பு, திறந்ததும் கொழும்பு. இடையில் கிடைத்த ஆறேழு வருடத்தில், விலை விழுந்தால் தாங்கிப் பிடிக்க இங்கே ஒரு ஏற்பாடும் வேரூன்றவில்லை. என் கோபம் அதில்தான்.

அண்மைக்காலத் தடைகளையும் பாருங்கள். மஞ்சள் இறக்குமதியை நிறுத்தினார்கள். 2020இல் விலை பல மடங்கானது, மன்னார்க் கடலில் கடத்தல் மஞ்சள் மூட்டை மூட்டையாகப் பிடிபட்டது. 2021 ஏப்ரலில் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தி, நவம்பரில் கைவிட்டார்கள். காலபோகம் (மாரி மழையோடு விதைக்கும் பெரும்போகம்) விதைத்தவர்களுக்கு அதற்குள் காலம் தப்பிவிட்டது. சூழலைக் காக்கத்தான் அந்தத் தடை என்றார்கள். படிப்படியாகச் செய்திருந்தால் நானும் ஆதரித்திருப்பேன். மிளகாய்க்குத் தடை போட்டு விலையை ஏற்றினால் மண்ணுக்கு நன்மை வரும் என்றும் எண்ண வேண்டாம். ஒரே தோட்டத்தில் போகத்துக்குப் போகம் மிளகாயே நடுவார்கள், இலைச்சுருளலுக்கு மருந்தடி கூடும், குழாய்க்கிணறு இன்னும் ஆழமாகப் போகும்.

அப்புறம், பெடியள். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனது. வங்கியில் வந்தாலும், வங்கிக்கு வெளியே ஆள்மூலம் அனுப்பும் உண்டியலில் வந்தாலும் வெளிநாட்டுக் காசு வரும் வீட்டுக்குக் கையில் கூடுதல் ரூபா. அடுத்த வீட்டுக் கமக்காரருக்கோ லீற்றர் 87 ரூபா மண்ணெண்ணெய் அந்த ஓகஸ்டில் 340 ரூபா. பம்பை ஓட்டினால் நட்டம், நிறுத்தினால் பயிர் வாடும். இரண்டையும் ஒரே ஒழுங்கையில் பார்த்து வளர்ந்த பெடியன் எதைத் தெரிவு செய்வான்? அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. வந்த காசும் பெரும்பாலும் வீட்டுக்கும் காணிக்கும் போகிறது. காணி விலை ஏற ஏற, இங்கேயே நின்று கமம் செய்ய விரும்புகிறவனுக்கு ஒரு ஏக்கர்கூட எட்டாமல் போகிறது.

நான் கேட்பது தடையல்ல. முன்கூட்டியே தெரிந்த வரி. வெங்காயம், மிளகாய்க்கான இறக்குமதி வரி அறுவடை மாதங்களில் எவ்வளவு என்று நடுகைக்கு முன்பே அறிவிக்கட்டும். இரவோடிரவாக வர்த்தமானியில் மாற்றக் கூடாது. வெங்காயத்தைச் சில மாதமாவது கெடாமல் வைக்கக் களஞ்சியம் வேண்டும். மண்ணெண்ணெய்ப் பம்புக்குப் பதில் சூரிய மின்பம்பு வாங்கக் குறைந்த வட்டிக் கடன் வேண்டும். வெளிநாட்டு உறவுகள் ஊருக்கு உதவ நினைத்தால் முதலில் இந்த இரண்டுக்கும் தரட்டும்.

உங்கள் பகுதியில் அடுத்த பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும்போது வரியைப் பற்றிக் கேள்வி எழுப்புங்கள், ஐயா. அதே கூட்டத்தில், வாய்க்கால் தண்ணீர் எட்டாத பக்கத்து ஊரவர்களுக்கும் பேச இடம் கேளுங்கள்.