குளோபல் ஹெல்த் முதுகலை முடித்தவர்களுக்கு உண்மையில் என்ன வேலை கிடைக்கிறது?

பி.எஸ்சி நர்சிங் முடித்து மூன்று வருடம் வார்டில் வேலை பார்த்திருக்கிறீர்கள். கடன் வாங்கி ஐரோப்பாவில் குளோபல் ஹெல்த், அதாவது பல நாட்டு மக்களின் சுகாதாரத்தைப் பற்றிய படிப்பு, படிக்கலாமா, படித்தால் என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் சர்வதேச சுகாதாரம் படித்தவள். நான் பார்த்தவரை, இந்தப் பட்டம் மட்டும் யாருக்கும் வேலை வாங்கித் தருவதில்லை. அதற்கு முன்னால் கையில் இருந்த தொழில்தான் வழி காட்டுகிறது. என்னோடு படித்த மருந்தாளுநர் தடுப்பூசி விநியோகத்துக்குப் போனார். புள்ளியியல் தெரிந்தவர்கள் சுகாதாரத் தரவுப் பக்கம் போனார்கள். இதை லேசாக நினைக்காதீர்கள். ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் உருவான டிஎச்ஐஎஸ்2 என்ற சுகாதாரத் தரவு மென்பொருளைப் பல நாட்டு சுகாதார அமைச்சகங்கள் பயன்படுத்துகின்றன. 2020 தொடக்கத்தில் கொரோனாவுக்காக அதை முதலில் மாற்றி அமைத்தவர்கள் இலங்கைக்காரர்கள்தான், அப்புறம்தான் மற்ற நாடுகள் அதை எடுத்துக்கொண்டன. அதன் அடிப்படைப் பயிற்சி இணையத்தில் இலவசம். இன்றைக்கே தொடங்கலாம்.

சரி, எல்லோரும் கேட்கும் ஜெனீவா? அங்கே தலைமையகம் உள்ள உலக சுகாதார நிறுவனத்தில் பி2 என்ற கீழ்நிலை அதிகாரி பணிக்கே பொதுவாக இரண்டு வருட அனுபவம் வேண்டும், அதற்கு அடுத்த பி3க்கு ஐந்து. ஜேபிஓ என்ற இளநிலைப் பணியிடங்களுக்குச் சம்பளம் கொடுப்பது நன்கொடை நாடுகள் என்பதால் பெரும்பாலும் அந்நாட்டுக் குடிமக்களுக்கே அவை போகின்றன. போதாததற்கு, அந்த நிறுவனத்திலிருந்து விலகுவதாக 2025 ஜனவரியில் அமெரிக்கா அறிவித்தது. அதே வருடம் ஜூலை 1 அன்று அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டும் மூடப்பட்டது. பதினைந்து வருட அனுபவம் உள்ளவர்கள்கூட இப்போது வேலை தேடுகிறார்கள். ஜெனீவாவை நம்பிக் கடன் வாங்காதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன்.

ஆனால் நர்ஸ் என்பதே உங்கள் பலம். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு நர்ஸ்களை ஊசி போட மட்டும் அனுப்புவதில்லை. வார்டை நடத்துவது, உள்ளூர் ஊழியர்களுக்குப் பயிற்சி தருவது, மருந்து இருப்பைக் கவனிப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஆப்பிரிக்காவின் சாட், காங்கோ போன்ற இடங்களில் அவர்களுக்குப் பெரிய திட்டங்கள் உள்ளன, அங்கே பிரெஞ்சு வேண்டும். அதனால் ஜெர்மனியில் படித்தாலும் பிரெஞ்சை விடாதீர்கள். மருத்துவமனைத் தொற்றுத் தடுப்பும் நல்ல துறை. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருகிவரும் காலத்தில், வார்டில் கை கழுவும் பழக்கம் ஏன் நிலைப்பதில்லை என்று அனுபவத்தில் தெரிந்தவர் சொன்னால் அதற்குத் தனி மதிப்பு. ஆய்வேட்டை அதில் செய்யுங்கள். வெறும் நூலகக் கட்டுரையாக இல்லாமல் ஏதாவது ஒரு மருத்துவமனையில் களத்தில் செய்யுங்கள். என் வகுப்பில் பலருக்கு முதல் வேலை ஆய்வேடு செய்த இடத்திலேயே கிடைத்தது.

கடைசியாகக் கடன் விஷயம். டி.ஏ.ஏ.டி. என்ற ஜெர்மன் அமைப்பு, வளரும் நாடுகளைச் சேர்ந்த, குறைந்தது இரண்டு வருடம் வேலை பார்த்தவர்களுக்கு எபோஸ் உதவித்தொகை தருகிறது. அந்தப் பட்டியலில் பொது சுகாதாரப் படிப்புகளும் உண்டு. உங்கள் மூன்று வருடம் அதற்குப் போதும். வங்கிக்குப் போவதற்கு முன் அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.